புதிதாகப் பொருத்திய கணனியில் படம் வராவிட்டால்

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி ஒரு கேசிங்குக்குள் தாமே பொருத்திக் கணனி உருவாக்கும் இளைஞர்கள் இன்று எமது கிராமங்களிலும் இருக்கின்றார்கள். சனசமூக நிலையத்துக்காக, தட்டச்சு வகுப்புக்காக, அல்லது உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் கற்கும் ஒரு பிள்ளைக்காக இவ்வேலை நடைபெறுகின்றது. கடையில் முழுமையாகப் பொருத்தி விற்பதை வாங்குவதிலும் பார்க்கப் பெரும்பாலும் இது மலிவு. அதனோடு ஒரு கைத்தொழிலும் கைவருகின்றது. ஆயின் எல்லாவற்றையும் பொருத்தி முடித்து, வீட்டார் சூழ்ந்து நிற்க, சுவிச்சை அமத்தும் அந்த நேரத்தில் பலருக்கு நேர்வது ஒன்றுதான். விசிறி சுழல்கின்றது. சிறு விளக்கு எரிகின்றது. திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கின்றது.

"ஏதோ எரிஞ்சுபோச்சு" என்பதே உடனே எழும் எண்ணம். பெரும்பாலான வேளைகளில் எதுவும் எரிந்திருப்பதில்லை. ஒரு வயர் செருகப்படாமல் விடுபட்டிருக்கும். அல்லது றாம் முழுதாக இறங்காமல் நிற்கும். அல்லது மொனிற்றர் கேபிள் தவறான துவாரத்தில் இருக்கும். இதனை அறியாமல் அவசரப்படுபவர்கள் காசை இழக்கின்றார்கள். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கி ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்குள் ஒரு அமெரிக்க டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. அதன் பின்னர் ஓரளவு இறங்கினாலும் பழைய நிலைக்கு அது திரும்பவில்லை. கணனிப் பாகங்கள் யாவும் இறக்குமதிப் பொருட்களே. ஆகவே பழுதில்லாத ஒரு மதர்போட்டைப் பழுதென்று ஒதுக்கி வேறொன்று வாங்குவது, ஒரு கிராமத்துச் சங்கத்துக்குப் பல மாதச் சேமிப்பு வீணாகும் விடயமாகும். இதனாலேயே இவ்விடயத்தைச் சற்று விரிவாக எழுதுகின்றேன்.

கணனி விழித்தெழும் ஒழுங்கு

எதனையும் கழற்றுமுன், சுவிச்சை அமத்தியதும் உள்ளே என்ன நடைபெறுகின்றது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். கணனியின் முகப்பிலுள்ள சுவிச் வீட்டு மின்குமிழின் சுவிச்சைப் போன்றதன்று. அது மின்சாரத்தை நேரே தொடுப்பதுமில்லை, துண்டிப்பதுமில்லை. இரண்டு மெல்லிய வயர்களை ஒரு கணம் ஒன்றோடொன்று தொடச் செய்து மதர்போட்டுக்கு ஒரு செய்தி சொல்வதே அதன் வேலை. கணனி "நிறுத்தப்பட்டு" இருக்கும்போதும், சுவர் பிளக் செருகப்பட்டிருந்தால் மதர்போட்டுக்கு 5 வோல்ற்று வந்துகொண்டே இருக்கும். அந்தச் சிறிய மின்சாரமே சுவிச்சின் செய்திக்காகக் காத்திருக்கின்றது.

செய்தி கிடைத்ததும் மதர்போட் பவர் சப்ளையை எழுப்புகின்றது. பவர் சப்ளை 12, 5, 3.3 வோல்ற்று ஆகிய மின்னழுத்தங்களை வழங்கத் தொடங்கி, அவை தளம்பாமல் நின்றதும், அரைச் செக்கனுக்குள் "மின்சாரம் சரி" என்ற சமிக்ஞையைத் திருப்பி அனுப்புகின்றது. அதன் பின்னரே புறொசெசர் விழிக்கின்றது. அது முதலில் மதர்போட்டிலுள்ள ஒரு சிறிய சிப்பில் எழுதப்பட்டிருக்கும் பயோஸ் என்னும் செய்நிரலை வாசிக்கின்றது. பயோஸ் றாமைத் தேடிப் பரிசோதிக்கின்றது. பின்பு படம் காட்டும் பகுதியைத் தேடுகின்றது. இவை எல்லாம் சரியாக நடந்தேறினால்தான் திரையில் முதல் எழுத்துத் தோன்றும்.

குளத்துத் துருசிலிருந்து வாய்க்கால் வழியே தண்ணீர் வருவதைப் போன்றது இது. கடைசி வயல் காய்ந்து கிடந்தால் அந்த வயலில் குறையென்று எவரும் சொல்வதில்லை. துருசிலிருந்து நடந்து பார்த்து எங்கே மறித்து நிற்கின்றது என்று தேடுவார்கள். திரை என்பது இங்கே கடைசி வயல்.

இந்த ஒழுங்கிலிருந்து ஒரு பயனுள்ள முடிவு கிடைக்கின்றது. ஹார்ட் டிஸ்க்கும் விண்டோசும் இதில் இன்னும் வரவேயில்லை. ஹார்ட் டிஸ்க் இல்லாத கணனியிலும் பயோஸின் படம் தோன்றியே ஆகவேண்டும். ஆகவே திரை முற்றிலும் இருண்டிருக்கும்போது விண்டோசை மீண்டும் பதிய வேண்டும் என்று எவராவது சொன்னால் அவர் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை.

முதலில் கணனிக்கு வெளியே

கேசிங்கின் மூடியைத் திறக்காமலே பார்க்கக் கூடியவற்றை முதலில் பாருங்கள். மொனிற்றரின் கேபிளைக் கணனியிலிருந்து கழற்றிவிட்டு மொனிற்றரை மட்டும் போடுங்கள். சிக்னல் இல்லை என்ற அறிவித்தல் சில செக்கன்களாவது அதில் தோன்ற வேண்டும். அதுவும் தோன்றாவிட்டால் குறை மொனிற்றரிலோ அதன் மின் வயரிலோ இருக்கின்றது. தோன்றினால், மொனிற்றரின் பொத்தானை அமத்தி, எந்த வழியால் படத்தை எதிர்பார்க்கின்றது என்று பாருங்கள். எச்.டி.எம்.ஐ. வழியால் கேபிளைச் செருகிவிட்டு மொனிற்றரை வீஜீஏ வழியில் விட்டிருந்தால் விடியும்வரை காத்திருந்தாலும் படம் வராது.

அடுத்து, கேபிள் கணனியின் எந்தத் துவாரத்தில் இருக்கின்றது? தனியான வீஜீஏ காட் பூட்டிய கணனியில் மொனிற்றர் கேபிள் அந்தக் காட்டிலேயே செருகப்பட வேண்டும். கணனியின் பின்புறத்தில், மேற்பகுதியில் யூ.எஸ்.பி. துவாரங்களுக்கு அருகே இருப்பவை மதர்போட்டின் துவாரங்கள். கீழே குறுக்காக இருப்பவை வீஜீஏ காட்டின் துவாரங்கள். பழக்கமில்லாதவர்கள் கைக்கு எட்டும் மேல் துவாரத்திலேயே செருகி விடுகின்றார்கள்.

தனியான காட் இல்லாமல் பொருத்துபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். படம் காட்டும் பகுதி எல்லாப் புறொசெசர்களுக்குள்ளும் இருப்பதில்லை. இன்ரெல் நிறுவனம் 2019 இலிருந்து இலக்கத்தின் முடிவில் "எஃப்" என்ற எழுத்துடன் வெளியிடும் புறொசெசர்களில் அது இல்லை. ஏ.எம்.டி. நிறுவனத்தின் றைசன் வகையில் 5000 தொடர் வரை, மேசைக் கணனிக்குரியவற்றில் "ஜி" என்ற எழுத்து உள்ளவற்றிலேயே பெரும்பாலும் அது உண்டு. 2022 இல் வந்த 7000 தொடரிலிருந்து பெரும்பாலானவற்றில் சிறிய அளவில் அது சேர்க்கப்பட்டுள்ளது. ஆனால் அங்கும் "எஃப்" எழுத்து உள்ளவற்றில் இல்லை. "எஃப்" வகை சற்று மலிவாக இருப்பதால் பலர் அதை வாங்குகின்றார்கள். மதர்போட்டில் எச்.டி.எம்.ஐ. துவாரம் இருக்கின்றதே என்று அதில் கேபிளைச் செருகுகின்றார்கள். துவாரம் இருந்தாலும் அதன் பின்னால் படம் அனுப்ப ஒன்றுமில்லை. இது பழுதன்று, வாங்கும்போதே நேர்ந்த பொருத்தமின்மை. வீஜீஏ காட் ஒன்று வாங்குவதோ, புறொசெசரை மாற்றிக்கொள்வதோ தவிர வேறு வழியில்லை.

பழைய மொனிற்றர்களை மாற்றி இணைப்பான் மூலம் பாவிப்போர் எமது நிலையங்களில் அதிகம். டிஸ்பிளே போர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குப் போகும் சாதாரண கேபிள் ஒரு திசையிலேயே வேலை செய்யும். கணனிப் பக்கம் டிஸ்பிளே போர்ட்டும், மொனிற்றர் பக்கம் எச்.டி.எம்.ஐ.யும் இருக்க வேண்டும். மாறிச் செருகினால் படம் வராது. சந்தேகமிருந்தால் இணைப்பான் எதுவுமில்லாமல், இரு பக்கமும் ஒரே வகைத் துவாரமுள்ள ஒரு மொனிற்றரையோ ரீவியையோ அயல் வீட்டிலிருந்து இரவல் வாங்கிப் பரீட்சியுங்கள். எச்.டி.எம்.ஐ. உள்ள எந்த ரீவியும் இதற்குப் போதும்.

பொறுமையும் இங்கே ஒரு பரிசோதனைதான். டி.டி.ஆர்.5 வகை றாம் பூட்டிய புதிய கணனிகள், முக்கியமாக ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 வகை, முதன்முறை போடும்போது றாமைப் பழக்கிக்கொள்வதற்குச் சில நிமிடங்கள் எடுக்கும். அவ்வளவு நேரமும் திரை கறுப்பாகவே இருக்கும். பத்துச் செக்கன் பார்த்துவிட்டு நிறுத்தி, மீண்டும் போட்டு, மீண்டும் நிறுத்தினால் அது ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்தே பழகும். ஆகக் குறைந்தது பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள்.

மூடியைத் திறக்குமுன்

சுவர் பிளக்கைக் கழற்றுங்கள். முன்பு சொன்ன 5 வோல்ற்று நிற்பதற்கு அதுவே வழி. பிளக்கைக் கழற்றிய பின் முகப்புச் சுவிச்சை ஒரு முறை அமத்தினால் மிச்சமிருக்கும் மின்சாரமும் தீர்ந்துவிடும். பின்பு கேசிங்கின் வர்ணம் பூசாத இரும்புப் பகுதியை ஒரு கையால் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எமது ஈரமான காலநிலையில் உடம்பில் நிலைமின் ஏறுவது குறைவு. ஆனாலும் ஏசி போட்ட அறையில் வேலை செய்பவர்கள் அசட்டை பண்ணக் கூடாது.

பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். 230 வோல்ற்று மின்சாரம் அதற்குள் நேர் மின்னோட்டமாக மாறும்போது 300 வோல்ற்றுக்கும் மேல் கொள்ளளவிகளில் தேங்கி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பின்னரும் அது சிறிது நேரம் இருக்கலாம். பழகிய கைகளுக்கே ஆபத்தான இடம் அது.

கேசிங்கைத் தொடும்போது விரலில் மெல்லிய "சுள்" என்ற உணர்வு வந்தால், அந்த வீட்டின் பிளக்கில் எர்த் வயர் வேலை செய்யவில்லை என்பதே பெரும்பாலும் பொருள். பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி, எர்த் இல்லாதபோது கேசிங்கை வீட்டு மின்னழுத்தத்தின் ஏறக்குறையப் பாதி அளவில் நிறுத்துகின்றது. மின்னோட்டம் மிகச் சிறியதாகையால் உயிருக்கு ஆபத்து ஏற்படுவதில்லை. ஆனால் மொனிற்றர் கேபிளைச் செருகும் வேளையில் அது துவாரங்களைப் பழுதாக்க இடமுண்டு. இரட்டை முனைப் பிளக்கைப் பாவிக்காமல், எர்த் உள்ள 13 அம்பியர் சதுர முனைப் பிளக்கில் கணனியைப் பொருத்துங்கள். எர்த் கம்பி உண்மையில் நிலத்துக்குப் போகின்றதா என்பதை மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். இது கணனிக்கு மட்டுமன்றி வீட்டில் உள்ளவர்களுக்கும் வேண்டியது.

இரண்டு மின் வயர்கள்

மதர்போட்டுக்கு மின்சாரம் இரண்டு இடங்களால் போகவேண்டும். ஒன்று 24 முனையுள்ள அகலமான இணைப்பி. மற்றது புறொசெசருக்கு அருகே, மேல் மூலையில் இருக்கும் 8 முனையுள்ள சிறிய இணைப்பி. சில மலிவான மதர்போட்களில் 4 முனைகளே இருக்கும். இந்த இரண்டாவது, புறொசெசருக்கென்றே தனியாக 12 வோல்ற்றைக் கொண்டுபோகின்றது. இது செருகப்படாமல் இருந்தாலும் விசிறி சுழலும், விளக்கும் எரியும். புறொசெசர் மட்டும் உறங்கிக் கிடக்கும். கேசிங்கின் மேல் விளிம்புக்கும் புறொசெசரின் விசிறிக்கும் இடையே கை புகாத இடத்தில் இது இருப்பதால், பலர் பிறகு செருகலாம் என்று விட்டு மறந்து விடுகின்றார்கள்.

நான் அறிந்த ஒரு கிராமத்து இளைஞர் சங்கம், மாதாந்தம் சேர்த்த காசில் பாகங்கள் வாங்கி ஒரு கணனியைப் பொருத்தியது. படம் வரவில்லை. பட்டணத்துக் கடையொன்றுக்குப் பஸ்ஸில் கொண்டுபோனார்கள். அங்கிருந்தவர் சுவிச்சைப் போட்டுப் பார்த்துவிட்டு, "போட் செத்துப்போச்சு தம்பி, புதுசுதான் போடவேணும்" என்று இரண்டு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவர்களிடம் அதற்குக் காசு இல்லாதபடியால் கணனியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வறுமையே அன்று அவர்களைக் காப்பாற்றியது எனலாம். பிறகு அந்தச் சங்கத்துப் பெண் பிள்ளை ஒருத்தி மதர்போட்டின் கைநூலிலுள்ள படத்தையும் உள்ளேயிருந்த வயர்களையும் ஒன்றொன்றாக ஒப்பிட்டுப் பார்த்து, கேசிங்கின் பின்னால் மடித்துக் கட்டியிருந்த 8 முனை வயரைக் கண்டுபிடித்தாள்.

செருகும்போது இரண்டு எச்சரிக்கைகள். வீஜீஏ காட்டுக்குரிய வயரும் 8 முனை உடையதே. ஆனால் அது 6 உம் 2 உமாகப் பிரியும். புறொசெசருக்குரியது 4 உம் 4 உமாகப் பிரியும். முனைகளின் வடிவம் வேறு வேறு. இறுகப் பிடித்தால் பலத்தைப் பாவிக்காமல் கழற்றிப் பாருங்கள். மற்றது, வயர்களைக் கழற்றக்கூடிய வகைப் பவர் சப்ளை வாங்கியவர்கள் வேறொரு பவர் சப்ளையின் வயரை அதில் ஒருபோதும் செருகக் கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே எந்த வயரில் எத்தனை வோல்ற்று வரும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். 5 வோல்ற்று எதிர்பார்க்கும் இடத்துக்கு 12 வோல்ற்றுப் போனால் அந்த ஒரு கணத்திலேயே ஹார்ட் டிஸ்க் உண்மையாகவே எரிந்துபோகும்.

றாம்

இருண்ட திரைக்கு அடுத்த பெரிய காரணம் றாம். அதனைத் துவாரத்தில் வைத்து இரு முனைகளிலும் பெருவிரல்களால் சமமாக அமத்தினால் "டிக்" என்ற ஒலியுடன் கொக்கி பூட்டிக்கொள்ள வேண்டும். புதிய மதர்போட்டில் இதற்கு எதிர்பார்ப்பதிலும் கூடிய பலம் வேண்டும். உடைந்துவிடும் என்று பயந்து பலர் பாதியில் விட்டுவிடுகின்றார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கொக்கியுள்ள மதர்போட்களில், கொக்கியில்லாத பக்கம் சற்று உயர்ந்து நிற்பது கண்ணுக்குத் தெரியாது. றோச் லைற்றைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். தங்க நிறக் கோடு இரண்டு முனையிலும் ஒரே அளவில் மறைந்திருக்க வேண்டும்.

நான்கு துவாரங்கள் உள்ள மதர்போட்டில் இரண்டு றாம் பூட்டுவதானால் பெரும்பாலும் புறொசெசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் பூட்ட வேண்டும். ஒன்றே இருந்தால் இரண்டாவதில். கைநூலில் இதற்கு ஒரு சிறு அட்டவணை இருக்கும். படம் வராவிட்டால் ஒரு றாமை மட்டும் விட்டு மற்றதைக் கழற்றிப் பரீட்சியுங்கள். பிறகு மற்றதை மட்டும். பிறகு துவாரத்தை மாற்றி. கைவசம் இரண்டு றாம் இருப்பது இதற்காகவே வரம் போன்றது.

பாவித்த றாம் வாங்கியவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. மன்னார், முல்லைத்தீவு, மட்டக்களப்புக் கரையோரங்களின் உப்புக் காற்றில் சில வருடங்கள் இருந்த றாமின் முனைகளில் மங்கலான படலம் படிந்திருக்கும். வெள்ளை அழிறப்பரால் மெதுவாக, முனையை நோக்கி ஒரே திசையில் தடவி, தூளைத் தூரிகையால் தட்டிவிட்டால் பல வேளைகளில் அதுவே போதும். அழுத்தித் தேய்த்தால் மெல்லிய தங்கப் பூச்சு போய்விடும். மண் கலந்த பழைய அழிறப்பரும் மட்டக் கடதாசியும் இதற்கு ஆகாது.

புறொசெசரும் பயோஸும்

புறொசெசரை அடிக்கடி கழற்றிப் பார்க்க வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் பார்த்த பின்பே இங்கு வருவது நல்லது. இன்ரெல் மேசைக் கணனிகளில் 2004 தொடக்கமும், ஏ.எம்.டி.யில் 2022 இல் வந்த ஏ.எம்.5 தொடக்கமும் மெல்லிய ஊசிகள் மதர்போட்டின் பக்கத்தில் இருக்கின்றன. ஏ.எம்.5 இல் அவை 1718. அவற்றில் ஒன்று வளைந்தாலும் றாமோ படமோ இல்லாமற் போகலாம். றோச் லைற்றைச் சரிவாகப் பிடித்துக் கைத்தொலைபேசியின் கமராவால் பெருப்பித்துப் பார்த்தால் வளைந்த ஊசி வரிசை தவறிப் பளபளக்கும். ஏ.எம்.4 இல் ஊசிகள் புறொசெசரின் அடியில் இருக்கின்றன. விசிறியைக் கழற்றும்போது ஒட்டிக்கொண்ட புறொசெசரும் சேர்ந்து பிடுங்கப்படுவது இதில் நடக்கும். விசிறியை மெதுவாக இடம் வலமாகத் திருகிய பின்பே தூக்க வேண்டும்.

புறொசெசரும் நல்லது, மதர்போட்டும் நல்லது, ஆனாலும் படமில்லை என்ற ஒரு நிலையும் உண்டு. இது பலரைத் திகைக்க வைப்பதால் சற்று விளக்க வேண்டும். மதர்போட் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் அதன் பயோஸில் அன்று இருந்த புறொசெசர்கள் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். ஏ.எம்.டி.யின் பி450 வகை மதர்போட் 2018 இல் வந்தது. றைசன் 5000 தொடர் 2020 நவம்பரில் வந்தது. துவாரம் ஒன்றே, புறொசெசர் அழகாகப் பொருந்தும். ஆனால் பழைய பயோஸுக்கு அந்தப் புறொசெசர் யாரென்று தெரியாது. இன்ரெலின் 13 ஆம் தலைமுறையை, அதற்கு முன் செய்யப்பட்ட பி660, எச்610 மதர்போட்களில் பூட்டும்போதும் இதே தடை வரலாம். கடைகளின் தட்டுகளில் நெடுநாள் கிடந்த மதர்போட்களே விலை குறைத்து விற்கப்படுவதால் இது எமது பக்கத்தில் வரக்கூடிய ஒன்றே.

மதர்போட் தயாரித்த நிறுவனத்தின் இணையத்தளத்தில், ஒவ்வொரு புறொசெசருக்கும் எந்தப் பயோஸ் பதிப்பு வேண்டும் என்ற பட்டியல் உண்டு. வாங்குமுன் அதைப் பாருங்கள். வாங்கிய பின்னர் தெரியவந்தால் இரண்டு வழிகள். சில மதர்போட்களின் பின்புறத்தில் பயோஸைப் புதுப்பிப்பதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கும். நிறுவனம் சொல்லும் பெயரில் அக்கோப்பை ஒரு யூ.எஸ்.பி. பென்னில் இட்டுச் செருகி அப்பொத்தானை அமத்தினால், புறொசெசர் இல்லாமலே புதிய பயோஸ் பதியும். பொத்தான் இல்லாவிட்டால் பழைய புறொசெசர் ஒன்றை இரவலாகப் பூட்டிப் புதுப்பிக்க வேண்டும். விற்ற கடை இதனைச் செய்து தருவது நியாயம். எதுவாயினும் பயோஸ் பதியும் வேளையில் மின்சாரம் நின்றால் மதர்போட் முடங்கக்கூடும். யூ.பி.எஸ். இல்லாதவர்கள், மழையும் மின்னலும் இல்லாத, மின்வெட்டு அறிவிக்கப்படாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

கணனி சொல்லும் குறிகள்

1981 இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதற் பீசீயே தன்னைத் தான் பரிசோதித்து, எல்லாம் சரியானால் ஒரு முறை "பீப்" என்று ஒலிக்கும். அவ்வழக்கம் இன்னும் இருக்கின்றது, ஒலிபெருக்கிதான் இல்லை. புதிய மதர்போட்களுடன் அது பெரும்பாலும் தரப்படுவதில்லை. மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் சிறுவிரல் நுனியளவான அதனை வாங்கி மதர்போட்டின் நான்கு ஊசி இணைப்பில் செருகிவிடுங்கள். ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் வந்தால் பல மதர்போட்களில் படம் காட்டும் பகுதியில் குறையென்று பொருள். ஓயாமல் வரும் நீண்ட ஒலி பெரும்பாலும் றாமைக் குறிக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது வேறுபடுவதால் கைநூலையே நம்புங்கள்.

இப்போது பல மதர்போட்களில் ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள் இருக்கின்றன. புறொசெசர், றாம், வீஜீஏ, டிஸ்க் என்று ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அணையும். எதில் நின்றுவிடுகின்றதோ அங்கேதான் மறிப்பு. நான் சங்கங்களுக்குச் சொல்வது, நூறு ரூபா மிச்சம் பிடிக்க வேறிடம் பாருங்கள், இவ்விளக்குகள் உள்ள மதர்போட்டையே வாங்குங்கள் என்பதாகும்.

எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தல்

மேலே சொன்ன எதிலும் விடை கிடைக்காவிட்டால் மதர்போட்டைக் கேசிங்கிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். கேசிங்கின் தட்டில் மதர்போட்டைத் தாங்குவதற்குப் பித்தளைக் குற்றிகள் திருகப்பட்டிருக்கும். மதர்போட்டில் துவாரமில்லாத இடத்தில் ஒரு குற்றி நின்றால், அது அடியிலுள்ள ஈயப் பற்றுக்களைத் தொட்டுக் குறுஞ்சுற்று உண்டாக்கும். தவறி விழுந்த ஒரு திருகாணியும் அதே வேலையைச் செய்யும். இக்குறை இருந்தால் கணனி ஒரு செக்கன் ஓடி நிற்கும், மீண்டும் ஓடி நிற்கும். அல்லது அசையவே மாட்டாது.

மதர்போட் வந்த மட்டைப் பெட்டியை மேசையில் வைத்து, அதன்மேல் மதர்போட்டை வையுங்கள். அது சுற்றப்பட்டு வந்த பளபளப்பான பையின் மேல் வைக்க வேண்டாம். அப்பையின் வெளிப்புறம் மின் கடத்தக்கூடும். புறொசெசர், அதன் விசிறி, ஒரேயொரு றாம், பவர் சப்ளையின் இரண்டு வயர்கள், மொனிற்றர் கேபிள், இவை மட்டும் இருக்கட்டும். புறொசெசருக்குள் படம் காட்டும் பகுதி இல்லையென்றால் வீஜீஏ காட்டும் வேண்டும்; அதற்குத் தனி மின் வயர் துவாரம் இருந்தால் அதையும் செருகுங்கள். சுவிச் வயர் செருகும் இரண்டு ஊசிகளையும் ஸ்குறூ றைவர் முனையால் ஒரு கணம் தொடுங்கள். அங்கிருப்பது சுவிச்சின் செய்திக்காகக் காத்திருக்கும் சிறிய மின்சாரம்தான், பயப்பட வேண்டாம். இப்பொழுது படம் வந்தால் குறை கேசிங்கிலோ, கழற்றி வைத்த பாகங்களிலோ உள்ளது. ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டி, ஒவ்வொரு முறையும் போட்டுப் பாருங்கள். இரண்டை ஒன்றாகப் பூட்ட வேண்டாம். செய்ததை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே போங்கள்.

இந்நிலையிலும் படம் வராவிட்டால் பிளக்கைக் கழற்றி, காசளவான மூன்று வோல்ற்று பற்றரியை ஐந்து நிமிடம் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். பயோஸில் எவராவது மாற்றி வைத்த அமைப்புகள் அழிந்து தொழிற்சாலை நிலைக்கு வந்துவிடும். பாவித்த மதர்போட்டில் இது குறிப்பாகப் பலன் தரும்.

பவர் சப்ளையில் சந்தேகமிருந்தால் மல்ரிமீற்றரால் அளக்கலாம். 12 வோல்ற்று வயர் 11.4 இற்கும் 12.6 இற்கும் இடையிலும், 5 வோல்ற்று வயர் 4.75 இற்கும் 5.25 இற்கும் இடையிலும் இருக்க வேண்டும். பச்சை வயரைக் கறுப்பு வயரோடு இணைத்து விசிறி சுழல்கின்றதா என்று பார்க்கும் முறை பலருக்குத் தெரியும். அது பவர் சப்ளை எழும்புகின்றது என்பதை மட்டுமே காட்டும். சுமையைத் தாங்குமா என்பதைக் காட்டாது. சந்தேகமான பவர் சப்ளையை இன்னொரு நல்ல கணனியில் பூட்டிப் பரீட்சிக்க வேண்டாம். அது அந்த நல்ல மதர்போட்டையும் கெடுத்துவிடக் கூடும். மறுபுறமாக, நல்ல பவர் சப்ளையொன்றை இரவல் வாங்கி, அதன் சொந்த வயர்களுடனேயே, இந்தக் கணனியில் பூட்டிப் பாருங்கள். நன்கொடையாக வந்த பழைய பவர் சப்ளைகளுக்குள் எறும்பும் பல்லியும் குடியிருந்து எரிந்து கிடப்பதும் உண்டு. மணந்து பார்த்தாலே தெரியும். பழைய மதர்போட்களில் சிறு உருளைகளான கொள்ளளவிகளின் தலை வீங்கியிருந்தால் மேற்கொண்டு நேரத்தைச் செலவிடாமல் ஒதுக்கிவிடலாம்.

கடைக்குப் போகவேண்டி வந்தால் அந்தக் கொப்பியையும், பற்றுச்சீட்டையும், பெட்டிகளையும் கொண்டு போங்கள். புறொசெசரின் துவாரத்து ஊசிகளைக் கடைக்காரர் முன்னிலையில் கைத்தொலைபேசியால் படம் எடுத்த பின்பே மதர்போட்டைக் கையளியுங்கள். வளைந்த ஊசிக்குப் பெரும்பாலும் உத்தரவாதம் கிடையாது. எவருடைய கையில் வளைந்தது என்ற வழக்கில் தோற்பவர் வாங்கியவரே. எந்தப் பாகம் பழுதென்று சொல்கின்றார்களோ, அதற்குப் பதிலாக நல்லதொன்றை அங்கேயே பூட்டிப் படம் வருவதைக் காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். காட்ட மறுப்பவரிடம் காசு கொடுக்க வேண்டாம்.

படம் வந்துவிட்டால் உடனே விண்டோஸ் பதியத் தொடங்காமல் பயோஸுக்குள் போய்ப் பாருங்கள். புறொசெசரின் பெயர், நீங்கள் வாங்கிய அளவு றாம், புறொசெசரின் வெப்பநிலை ஆகிய மூன்றும் அங்கே தெரியும். 16 ஜீ.பி. வாங்கி 8 என்று காட்டினால் ஒரு றாம் இன்னும் சரியாக இறங்கவில்லை. வெப்பநிலை சில நிமிடங்களில் 80 பாகையைத் தாண்டி ஏறினால் விசிறி சரியாகப் படியவில்லை, அல்லது அதன் அடியிலுள்ள பிளாஸ்ரிக் தாளை உரிக்காமலே பூட்டிவிட்டீர்கள். அரை மணித்தியாலம் அப்படியே விட்டு, இவை மாறாமல் நின்றால், பிளக்கைக் கழற்றிவிட்டு ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டலாம்.